நகரப் படத்தில் எமது வளவு எங்கே?

காணி அலுவலாக அம்பாறைக் கச்சேரிப் படி ஏறாத குடும்பம் எமது பகுதியில் அரிது. தம்பிலுவிலிலிருந்து அக்கரைப்பற்றுக்கு ஒரு பஸ், அங்கிருந்து அம்பாறைக்கு இன்னொரு பஸ். இறங்கியதும் அகன்ற வீதிகளும் மரநிழலும் அலுவலகங்களும் வரிசையாக நிற்கும் உத்தியோகத்தர் விடுதிகளும் கண்ணிற் படும். எமது கரையோர ஊர்களைப் போல வளவோடு வளவு ஒட்டித் தானாக வளர்ந்த ஊர் அல்ல அது. முதலில் கடதாசியில் வரைந்து, பிறகு காட்டை வெட்டிக் கட்டிய நகரம். அரசாங்கமே நகரம் கட்டுவது என்றால் என்ன என்பதற்கு உதாரணம் தேடி நாம் எங்கும் போகத் தேவையில்லை. அந்த நகரத்தின் வாங்குகளில் காத்திருந்தே எம்மிற் பலர் நரைத்துப் போனோம்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. கிழக்குக் கரைக்கு வரும் பெருந்திட்டம் எதுவானாலும், துறைமுகமோ மின் நிலையமோ கைத்தொழிற் பேட்டையோ, அதன் பின்னாலேயே புதிய குடியிருப்பு, புதிய நகரம் என்ற பேச்சும் வருகிறது. திருக்கோவிற் கரையில் இல்மனைற் மணல் அகழும் பேச்சு எழுந்தபோது எமது மக்கள் வீதிக்கு இறங்கியதை வாசகர்கள் அறிவார்கள். ஏற்கனவே ஒரு தடவை, இரண்டு தடவை பெயர்ந்தவர்கள் நாம். சாகாமத்திலும் கஞ்சிகுடிச்சாற்றிலும் தங்கவேலாயுதபுரத்திலும் வயலை விட்டுவிட்டு, கரையோரத்தில் உறவினர் வளவில் கொட்டில் போட்டு இருந்தவர்கள். அப்படிப்பட்டவர்களிடம் வந்து, "உங்களுக்கு நகரத்தில் கல்வீடு, குழாய்த் தண்ணீர், மின்சாரம்" என்றால் மனம் இளகத்தான் செய்யும். இளகும் முன்னர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அந்த நகரப் படத்தில் எமது வளவு எங்கே இருக்கிறது?

நாம் பார்த்த மட்டில் படம் வரைபவர்களின் கை ஒரே ஒழுங்கில்தான் ஓடுகிறது. தொழிற்சாலைக்கு முதலிடம். அதை நடத்துவோருக்கு அடுத்த இடம். காணி கொடுத்தவர்களுக்குக் கடைசி இடம், அதுவும் அநேகமாகக் கடதாசியின் ஓரத்துக்கு வெளியே. இந்த ஒழுங்கு மாறக்கூடிய காலம் மிகக் குறுகியது. படம் இன்னும் பென்சிலில் இருக்கும் காலம் அது.

பட்டிப்பளை ஆற்றின் கதை

கல்லோயா என்று இன்று சொல்லப்படும் ஆற்றை எம் மூதாதையர் பட்டிப்பளை ஆறு என்றனர். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்டது. அமெரிக்காவின் டெனசி பள்ளத்தாக்கு அதிகார சபையே அதற்கு முன்மாதிரி. ஓர் ஆற்றுப் படுகை முழுவதையும், அதாவது அணை, வாய்க்கால், குடியேற்றம், தொழிற்சாலை, நகரம் எல்லாவற்றையும் ஒரே சபையின் கையில் கொடுப்பது. மொரிசன் நுட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி இங்கினியாகலையில் அணையைக் கட்டியது. சேனநாயக்க சமுத்திரம் நிறைந்தது. சபையின் தலைமையிடமாக அம்பாறை எழுந்தது. இங்குரானையில் சீனித் தொழிற்சாலை வந்தது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை தனி மாவட்டமாக்கப்பட்டது.

குடியேற வந்தவர்களுக்கு ஆரம்பத்தில் 4 ஏக்கர் வயலும் 3 ஏக்கர் மேட்டுநிலமும் வழங்கப்பட்டன. வேளாண்மைக் குடும்பத்துக்கு அது நியாயமான அளவுதான். பின்னால் வந்த திட்டங்களில் இந்த அளவு சுருங்கிச் சுருங்கி வந்ததை எண்ணும்போது, அன்றைய திட்டக்காரருக்குப் பயிர்ச்செய்கை என்றால் என்னவென்று கொஞ்சமாவது தெரிந்திருந்தது என்றே சொல்லலாம். ஆனால் அந்தப் படத்தில், ஆற்றின் கடைக்கோடியில் தலைமுறை தலைமுறையாக விதைத்து வந்தவர்கள் எங்கே இருந்தார்கள்? சம்மாந்துறை, இறக்காமம், அக்கரைப்பற்று வட்டைகளில் போடிமாரும் முல்லைக்காரரும் வட்டவிதானையைக் கூட்டிப் பேசித் தண்ணீர் பங்கிட்டு வந்தனர். அணை வந்தபின் தண்ணீர் எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்ற முடிவு அம்பாறைக்குப் போய்விட்டது. நன்மை வரவே இல்லை என்று சொல்ல மாட்டோம். வெள்ளம் கட்டுப்பட்டது, சிறுபோகம் விளையாத இடத்தில் விளைந்தது. ஆயினும் கையில் இருந்த சொல்லுரிமை போனது. 1956 ஜூனில் கல்லோயாப் பகுதியில் இனக்கலவரம் வெடித்து எம்மவர் பலர் உயிரிழந்தபோது, அரசாங்கம் கட்டிய நகரம் என்பதனாலேயே அது எல்லோருக்கும் பாதுகாப்பான நகரம் ஆகிவிடாது என்பதும் தெரிந்தது.

சீனித் தொழிற்சாலையின் கதையையும் மறந்துவிடக் கூடாது. 1990களில் அது தனியாருக்குக் கைமாறி, பின்னர் மூடப்பட்டு, பல ஆண்டுகள் துருப்பிடித்துக் கிடந்தது. 2012 அளவிலேயே மறுபடி இயங்கத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் கரும்புக்கென்று ஒதுக்கிய காணியை வைத்துக்கொண்டு அந்தக் குடும்பங்கள் என்ன செய்வது? தொழிற்சாலையை நம்பிய ஊர் தொழிற்சாலையோடு படுத்துவிடும். வேளாண்மையை நம்பிய ஊர் ஒரு போகம் தவறினாலும் அடுத்த போகத்தில் எழும்பும்.

நெய்வேலி: ஓர் அழகான நகரம்

தொழிற்சாலையை நம்பிய நகரம் முழுதாக வளர்ந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால், கடல் கடந்து தமிழ்நாட்டின் நெய்வேலிக்குப் போக வேண்டும். அங்கேயும் காணி கொடுத்தவர்கள் தமிழ் பேசும் வேளாண்மைச் சனந்தான்.

1930களில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தில், ஜம்புலிங்க முதலியார் என்ற நிலக்கிழாரின் காணியில் தண்ணீருக்காகக் குழாய்க்கிணறு துளைத்தபோது நீரோடு கறுப்பான ஒரு பொருளும் வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. தமது காணியில் நூற்றுக்கணக்கான ஏக்கரை அவர் அரசுக்குக் கொடுத்தார். ஆராய்ச்சிகள் நடந்து, காமராஜர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கம் வெட்டும் வேலையைத் தொடக்கி வைத்தார். 1961இல் நிலக்கரி கண்ணிற் பட்டது. அடுத்த ஆண்டே சோவியத் நாட்டின் உதவியோடு அமைத்த அனல் மின்நிலையம் மின்சாரம் தந்தது. பிறகு யூரியாத் தொழிற்சாலையும் வந்தது.

சுரங்கத்தின் அருகே நிறுவனம் தன் ஊழியருக்கென்று ஒரு நகரம் அமைத்தது. அங்கே வார்டு என்றோ தெரு என்றோ சொல்வதில்லை. வட்டம் என்பார்கள். இத்தனையாம் வட்டம், இத்தனையாம் வீடு. அகலமான வீதிகள், இருமருங்கும் மரங்கள், பாடசாலைகள், பெரிய ஆஸ்பத்திரி, தடைப்படாத மின்சாரம். தமிழ்நாட்டின் எத்தனையோ பழைய நகரங்களில் காண முடியாத ஒழுங்கு. இதைப் பழித்து எழுத எமக்கு விருப்பமில்லை. நல்ல நகரம் கட்ட அரசாங்கத்தால் முடியும் என்பதற்கு நெய்வேலி சாட்சி.

ஆனால் அந்த நகரத்தின் உள்ளமைப்பை வேளாண்மைக்காரரின் கண்ணால் பார்க்க வேண்டும். அங்கே வீடு உத்தியோகத் தரத்தின்படி கிடைக்கும். பொறியியலாளருக்கு ஓர் அளவு, தொழிலாளிக்கு வேறோர் அளவு. வீடு நிறுவனத்துடையது. ஓய்வு பெற்றால் திறப்பைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டும். நாற்பது வருடம் அங்கே வாழ்ந்து பிள்ளைகளைப் படிப்பித்தவருக்கும் அந்த மண்ணில் ஒரு முழக் காணி சொந்தமில்லை. அதற்காகக் காணி கொடுத்த வேளாண்மைக்காரரிடம் முன்பு பட்டா இருந்தது, அதாவது எங்கள் பேச்சில் உறுதி இருந்தது. உறுதி உள்ளவர்களின் ஊர் போய், உறுதியே இல்லாதவர்களின் நகரம் வந்தது. நிரந்தர வேலை கிடைத்தவர்கள் நகரத்துக்குள் போனார்கள். மற்றவர்கள் வெளியே மாற்றுக் குடியிருப்புகளில் இருந்துகொண்டு ஒப்பந்தக் கூலிகளாக உள்ளே போய் வந்தார்கள். காணி கொடுத்த குடும்பத்துக்கு ஒரு நிரந்தர வேலை என்ற கோரிக்கை தலைமுறை கடந்தும் அங்கே எழுந்துகொண்டே இருக்கிறது.

இன்னொன்று தண்ணீர். பழுப்பு நிலக்கரிக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு நிலத்தடி நீர் உண்டு. அதை இரவு பகலாக இறைக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தளமே உடைந்துவிடும். எனவே இறைக்கிறார்கள். துளைத்தாலே தானாகப் பொங்கிய ஊற்றுக்குப் பெயர் போன பகுதியில் சுற்றுவட்டாரக் கிணறுகள் ஆழமாகிக்கொண்டு போயின. வயலை எடுக்காமலே வயலை எடுக்கும் வழி இது. நட்டஈட்டுப் பட்டியலில் இடம்பெறுவது எல்லைக் கல்லுக்கு உள்ளே இருக்கும் காணி மட்டுந்தான். எல்லைக்கு வெளியே வற்றிப்போன கிணற்றுக்குப் பட்டியலில் நிரல் இல்லை.

மூன்றாவது, சுரங்கம் ஓரிடத்தில் நிற்பதில்லை. மண்ணைத் தின்று நகர்கிறது. முதற் சுரங்கத்துக்குப் பின் இரண்டாவது, அதன் விரிவு என்று காணி தேவைப்பட்டுக்கொண்டே இருக்கிறது. 2023 ஜூலை மாதம் வளையமாதேவி என்ற ஊரில் நடந்ததைப் பத்திரிகைகள் படத்தோடு வெளியிட்டன. பரவனாற்றைத் திருப்பும் வாய்க்காலுக்காக, பச்சைப் பசேலென்று நின்ற நெற்பயிரின் நடுவே இயந்திரங்கள் இறங்கின. அந்தக் காணி பல ஆண்டுகளுக்கு முன்னரே கடதாசியில் கையகப்படுத்தப்பட்டிருந்தது என்பது நிறுவனத்தின் வாதம். கடதாசியில் போன காணியில் கண்முன் விதைக்க விட்டிருந்ததால் வேளாண்மைக்காரர் விதைத்து வந்தனர். சென்னை உயர் நீதிமன்றம் பயிரழிவு குறித்துக் கவலை தெரிவித்து, ஏக்கருக்கு 40,000 இந்திய ரூபா நட்டஈடு கொடுக்கும்படி உத்தரவிட்டது. இதிலிருந்து எமக்கு ஒரு பாடம் உண்டு. காணியை எடுக்க அறிவித்தல் வந்து, பின் வருடக்கணக்கில் ஒருவரும் வராவிட்டால், திட்டம் கைவிடப்பட்டது என்று நாமே நினைத்துக்கொள்ளக் கூடாது. எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

சம்பூர்: மறுத்தவர்கள்

எமது மாகாணத்திலேயே, போர் துரத்திய பிறகு தொழிற் பேட்டை காணியைப் பிடித்த கதை சம்பூருடையது. 2006 ஏப்பிரல் மாதக் குண்டுவீச்சோடு மூதூர் கிழக்கின் மக்கள் ஓடத் தொடங்கினர். செப்டெம்பரில் சம்பூர் படையினர் வசமானது. மக்கள் மட்டக்களப்பு வரை வந்து, பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களில் தகரத்தின் கீழ் வருடக்கணக்கில் இருந்தனர். 2007 மே மாதம் அவர்களுடைய ஊர் உயர் பாதுகாப்பு வலயம் என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அதே மண்ணில் இந்தியாவின் தேசிய அனல் மின் கூட்டுத்தாபனத்தோடு சேர்ந்து 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையம் அமைக்க உடன்பாடு வந்தது. 2012 மே மாதம் பாரிய கைத்தொழில்களுக்கான விசேட வலயம் என்று மற்றொரு வர்த்தமானி. 818 ஏக்கர் ஒரு தனியார் நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது.

முகாமிலிருந்தவர்களுக்கு மாற்றுக் காணி காட்டப்பட்டது. காட்டிய இடத்தை ஏற்றுக்கொண்டிருந்தால் அன்றே ஒரு வீட்டுத் திட்டம் கிடைத்திருக்கும், முகாம் வாழ்க்கை முடிந்திருக்கும். பலர் மறுத்தனர். வீம்புக்காக மறுக்கவில்லை. சம்பூர், கூனித்தீவு, நவரத்தினபுரம், கடற்கரைச்சேனை என்ற பெயர்களில் வயலும் குளமும் கடலும் கோயிலும் சுடலையும் ஒரே நடை தூரத்தில் இருந்தன. காட்டிய இடங்களில் வீட்டுக்கு இடம் இருந்தது, வாழ்வுக்கு இடம் இருக்கவில்லை. உலர் உணவு நிறுத்தப்பட்ட பின்பும் மறுப்பில் நின்றார்கள். 2015 மே மாதம் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 818 ஏக்கரையும் விடுவிக்கும் வர்த்தமானியில் ஒப்பமிட்டார். நிறுவனம் கொழும்பில் உயர் நீதிமன்றம் சென்றதால் சில வாரம் இழுபட்டு, பின்னர் மக்கள் உள்ளே போனார்கள். 2016 மார்ச்சில் கடற்படை முகாம் இருந்த காணியின் பெரும் பகுதியும் திரும்பியது. அதே ஆண்டு செப்டெம்பரில் நிலக்கரித் திட்டமும் கைவிடப்பட்டது. இப்போது அங்கே சூரிய மின் நிலையத் திட்டம் நடக்கிறது. 2025 ஏப்பிரலில் இந்தியப் பிரதமர் கொழும்பிலிருந்து அதைத் தொடக்கி வைத்தார்.

வெற்றி என்று மேளம் அடிக்கும் விஷயமல்ல இது. திரும்பியவர்கள் கண்டது இடித்து மட்டமாக்கிய வீடும் பற்றைக் காடும். ஒன்பது வருடம் முகாமில் வளர்ந்த பிள்ளைக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சம்பூர் மக்கள் காணிக்குக் கிட்டிய முகாம்களிலேயே இருந்தார்கள், ஒன்றாக இருந்தார்கள், கையில் இருந்த பத்திரங்களைக் காத்தார்கள். மாற்றுக் காணிக்கு ஒப்பமிட்டுப் பிரிந்திருந்தால், வர்த்தமானி கிழிந்த நாளில் வாசலில் நிற்க ஆளிருந்திராது.

எங்கள் பக்கத்தில்

கிட்டத்தில் இருப்பவற்றையும் ஒரு பார்வை பார்ப்போம். டென்மார்க் கடனில் 2008இல் வேலை தொடங்கி 2013 செப்டெம்பரில் திறந்த ஒலுவில் துறைமுகத்தில் வர்த்தகக் கப்பல் கட்டவில்லை. வாயை மணல் மூடியது, வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரையைக் கடல் தின்றது. தென்னந்தோப்பும் வயலும் போயின. காணி கொடுத்தவர்கள் நட்டஈட்டுக்காக வருடக்கணக்கில் அலைந்தார்கள்.

அக்கரைப்பற்றுக்கு மேற்கே நுரைச்சோலையில், ஆழிப்பேரலைக்குப் பின் சவூதி அரேபியாவின் உதவியோடு 500 வீடுகள், பாடசாலை, ஆஸ்பத்திரி, பள்ளிவாசல் எல்லாம் சேர்ந்த முழு நகரம் ஒன்று கட்டப்பட்டது. 2004 டிசெம்பர் 26இல் வீடிழந்த அக்கரைப்பற்று முஸ்லிம் குடும்பங்களுக்காக என்றுதான் கட்டினார்கள். யாருக்கு வழங்குவது என்ற வழக்கு எழுந்தது. நாட்டின் இன விகிதப்படி பகிர வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. பத்தாண்டுக்கும் மேலாக வீடுகள் பூட்டிக் கிடந்து, கூரையும் கதவும் களவு போய், காடு ஏறியது. வீடு கட்டும் முன்னர் யாருக்கு என்பது பெயர் பெயராக எழுதப்படாவிட்டால் முடிவு இப்படித்தான். பட்டது முஸ்லிம் சகோதரர்கள். நாளை நாமாகவும் இருக்கலாம்.

யார் பெயரில் வீடு?

புதிய நகரத்தின் பலன்களைப் பற்றிய பேச்சில் யாரும் தொடாத ஒரு விஷயத்தை இங்கே சற்று விரித்துச் சொல்ல வேண்டும். எமது பகுதியில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போவான். மூத்தவளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் அதே வளவின் ஓரத்தில் சிறு வீடு கட்டி, அடுத்தவளுக்கு ஆயத்தம் செய்வார்கள். தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கம் இது. வளவு என்பது ஒரு வீடு நிற்கும் இடம் அல்ல, மூன்று நான்கு வீடுகளின் விதைநெல்.

அரசாங்கம் கட்டும் நகரத்திலோ ஒரு குடும்பத்துக்கு ஒரு துண்டு. 10 பேர்ச் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கரில் 160 பேர்ச். அப்படியானால் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு. அதில் ஒரு வீடு, ஒரு மலகூடம், ஒரு முருங்கை. இரண்டாவது மகளுக்கு எங்கே? மாட்டுப் பட்டி எங்கே? வைக்கோற் போர் எங்கே? நெல் மூட்டை அடுக்குவது எங்கே? வேளாண்மைக்காரரை நகரத்தில் குடியேற்றி, அவருடைய மாட்டை விற்க வைத்த பிறகு, "இவர்கள் விவசாயத்தை விட்டுவிட்டார்கள்" என்று அறிக்கை எழுதுவார்கள்.

அதோடு, படிவத்தில் குடும்பத் தலைவர் என்ற கோட்டில் ஆணின் பெயரைப் போடும் பழக்கம். ஆழிப்பேரலைக்குப் பிறகு கட்டிய பல குடியிருப்புகளில், அம்மா வழி வந்த வளவை இழந்த பெண்ணுக்குப் பதிலாகப் புருசனின் பெயரில் வீடு எழுதப்பட்டது. சீதனமாகப் போன வீடு புருசன் வீடாக வந்தது. அரச காணிச் சட்டத்திலும் நீண்ட காலம் இதே கோணல் இருந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பேர்மிற் பெற்றவர் வாரிசை நியமிக்காமல் இறந்தால் மகளுக்கு முன் மகனே வருவான். 2022இன் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான் இந்த வேற்றுமையை நீக்கியது. போரில் புருசனை இழந்த தாய்மார் நிறைந்த ஊர்கள் எங்களுடையவை. படிவம் வரும்போது, பெயர் எழுதும் பேனா யார் கையில் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவுகள்

நாம் சட்டத்தரணிகள் அல்ல. ஆயினும் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டிய சில படிகள் உண்டு. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டத்தில் 2ஆம் பிரிவு அறிவித்தல் என்பது, காணியை அளந்து பார்க்க வருகிறோம் என்று சொல்வது. 4ஆம் பிரிவு அறிவித்தல் வந்தால் எழுத்தில் ஆட்சேபனை கொடுக்கலாம். ஆட்சேபனைக்கான உண்மையான கதவு அதுதான். 7ஆம் பிரிவு அறிவித்தல் வருகையில் காணி போவது முடிவாகிவிடும். அப்போது கேட்பது உமது உரிமை என்ன, நட்டஈடு எவ்வளவு என்பதை மட்டும். அவசரத் தேவை என்று 38ஆம் பிரிவைக் காட்டினால், விசாரணை முடியும் முன்பே காணியைப் பொறுப்பேற்கலாம். அநேகமான பெருந்திட்டங்களுக்கு இந்த அவசரம் வந்துவிடுகிறது என்பது அனுபவம்.

பேர்மிற் காணி வைத்திருப்போரின் நிலை வேறு. நிலம் அரசினுடையது என்பதால், கிணறு, மரம், வரப்பு, வீடு என்று நீங்கள் செய்த மேம்பாட்டுக்குத்தான் பேச்சு. எனவே நட்ட தென்னையை எண்ணி, வெட்டிய கிணற்றின் ஆழத்தை அளந்து, கிராம உத்தியோகத்தரின் கையொப்பத்தோடு எழுதி வையுங்கள். இடப்பெயர்வில் பேர்மிற் தொலைந்தவர்கள் பிரதேச செயலகத்தின் பேர்மிற் பேரேட்டிலும், உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்திலும் பிரதி தேடலாம். திட்டம் வரும்வரை காத்திருந்தால் அந்த வரிசையில் ஊரே நிற்கும்.

2001இல் அமைச்சரவை ஏற்றுக்கொண்ட, விருப்பின்றிய மீள்குடியேற்றம் பற்றிய தேசியக் கொள்கை ஒன்று உண்டு. இயன்றவரை மக்களைப் பெயர்க்காமலிருக்க வேண்டும், காணிக்குக் காணி கேட்கும் வாய்ப்பு இருக்க வேண்டும், உறுதி இல்லாதவரும் நியாயமாக நடத்தப்பட வேண்டும், இடம் தெரிவதில் மக்களுக்குப் பங்கு வேண்டும் என்று அது சொல்கிறது. நல்ல வார்த்தைகள். ஆனால் அது கொள்கை, சட்டமல்ல. வாசித்துக் காட்டும் ஆளிருந்தால் பேசும், இல்லாவிட்டால் அலமாரியில் தூங்கும்.

சுற்றாடல் சட்டத்தில் கொஞ்சம் பல் இருக்கிறது. 10 ஹெக்டயருக்கு மேற்பட்ட கைத்தொழிற் பேட்டை, 100 குடும்பங்களுக்கு மேல் விருப்பின்றிப் பெயர்க்கும் திட்டம், 1000 வீடுகளுக்கு மேற்பட்ட குடியிருப்பு ஆகியவை 1993இல் வெளியான பட்டியலில் அடங்கும். இவற்றின் சூழல் தாக்க அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, 30 வேலை நாட்கள் கருத்துக் கேட்க வேண்டும். தமிழிலும் வைக்க வேண்டும். மாரி மழையில் வெள்ளம் எந்தப் பக்கம் வடியும், வீதியை உயர்த்தினால் யாருடைய வட்டை மூழ்கும், தொழிற்சாலை எந்த நீரை எடுக்கும், கழிவை எந்த ஆற்றில் விடும் என்பதையெல்லாம் கேட்க வேண்டியது அந்த 30 நாட்களில்தான். 31ஆம் நாள் போய்க் கேட்டால் தேநீர் தருவார்கள், பதில் தர மாட்டார்கள்.

படத்தைப் பார்க்கும் முறையும் சொல்ல வேண்டும். பெரிய தாளில் பச்சை, மஞ்சள், ஊதா நிறங்களில் தீட்டிய படத்தைச் சுவரில் மாட்டி, மேசையில் பிஸ்கட்டும் வைத்துக் கூட்டம் நடத்துவார்கள். நிறத்தைப் பார்த்து மயங்காமல், எங்கள் குளம் எது, எங்கள் வட்டை எது, இந்தக் கோடு போகும் வீதி யாருடைய வளவுக்குள்ளால் போகிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து வயலுக்கு எத்தனை மைல்? விதைத்த நாளிலிருந்து வெட்டும் நாள் வரை யானைக்கும் பன்றிக்கும் வாடியில் காவல் இருப்பவர் இரவு எப்படிப் போய் வருவார்? சுடலைக்கு எங்கே இடம்? பக்கத்து வளவில் இருந்தவர் பக்கத்திலேயே இருப்பாரா, அல்லது சீட்டுக் குலுக்கிக் குடியைச் சிதறடிப்பார்களா? வேலை தருவதாகச் சொன்னால் எத்தனை பேருக்கு, எந்தத் தகைமைக்கு, நிரந்தரமா, ஒப்பந்தமா? சாதாரண தரம் வரை படிக்காதவருக்கு வாயிற்காவல் வேலையாவது உண்டா? இவற்றுக்கு வாய்மொழியில் கிடைக்கும் பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். தமிழில் எழுதச் சொல்லுங்கள். பிரதி ஒன்றைக் கிராம அபிவிருத்திச் சங்கம் வைத்திருக்கட்டும்.

கூட்டமே வைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. எந்த அரச அலுவலகத்திலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். "எமது கிராம உத்தியோகத்தர் பிரிவில் எந்தக் காணி எந்தத் திட்டத்துக்கு அளக்கப்பட்டுள்ளது, அதன் வரைபடப் பிரதி தேவை" என்று வெள்ளைத்தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும். விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை, பிரதி எடுப்பதற்கே பணம். காரணம் சொல்லவும் தேவையில்லை. தருவதா மறுப்பதா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். கொடுக்கும்போது திகதியிட்ட பற்றுச்சீட்டு ஒன்றைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.